பார்த்துவிட்டுப் போடும் கையெழுத்து

தவராசா பேனையைத் திறந்ததும் நேரே காகிதத்தில் வைப்பதில்லை. முதலில் இடது உள்ளங்கையில் ஒரு சின்னக் கோடு இழுத்து, மை ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கிறார். பிறகு மேசையைப் புறங்கையால் தடவி, ஈரம் இல்லையென்று உறுதிசெய்கிறார். அதற்குப் பிறகுதான் குனிகிறார். ஏரம்பு தவராசா என்று தகப்பன் பெயரோடு, ஒவ்வோர் எழுத்தாக எழுதுகிறார். கிறுக்கி ஒரு சுழி சுழித்துவிடுகிற வேலை அவரிடம் கிடையாது. எழுதி முடிக்க ஒரு நிமிடம் போகும். எதிரே நிற்பவருக்கு அது ஒரு மணித்தியாலம்.

போன சனிக்கிழமை அவர் வீட்டில் எதிரே நின்றவர் பேச்சியம்மா. தர்மபுரத்தில் கச்சான் கடலை வறுத்து விற்பவர். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்காமல், கடைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். வங்கிக் கடன் படிவத்தில் பிணையாளிகளுக்கு இரண்டு கோடுகள். முதலாவது நிரம்பியதும், "ஒண்ணு முடிஞ்சிருச்சுங்க ஐயா" என்றார். இரண்டாவது கோட்டைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த என்னையும் பார்க்கவில்லை.

தவராசா ஓர் அரச அலுவலகத்தில் பியோன். வயது ஐம்பத்திரண்டு. காலையில் கதவு திறப்பார், கோப்புத் தூக்குவார், பெரியவருக்குத் தேநீர் எடுத்துக் கொடுப்பார். அலுவலகத்துக்குள் வரவுப் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் அவருடைய கையெழுத்து தேவைப்படுவதில்லை. அலுவலகத்துக்கு வெளியேதான் அதற்கு மரியாதை. எங்கள் மாகாணத்தில் சிறு தொழிலுக்கு வட்டி குறைந்த வங்கிக் கடன் வேண்டுமென்றால், பெரும்பாலும் நிரந்தர அரச சேவையில் இருக்கிற இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும். பதவி பெரிதாக இருக்க வேண்டுமென்பதில்லை, சம்பளம் மாதம் தவறாமல் வந்தால் போதும். பெரிய பதவிக்காரரைக் கேட்டால் "யோசிச்சுச் சொல்லுறன்" என்பார். அதற்கு இல்லை என்று அர்த்தம். நானும் அந்த இனம்தான். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன், இருபத்து மூன்று வருட சேவை. யார் கேட்டாலும் "எனக்கு வீட்டுக் கடன் போய்க்கொண்டிருக்கு" என்ற பதில் என் சட்டைப்பையில் தயாராக இருக்கும்.

கடன் தேடுகிறவர்கள் மத்தியான இடைவேளையில் அலுவலக மதிலோரம் வந்து தவராசாவைப் பிடிப்பார்கள். இந்த மாகாணத்துக்குள் எந்தக் காசு எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பஸ்ஸுக்கு வழி சொல்வதுபோலச் சொல்வார்.

"நகை கிடந்தால் அடைவு வையுங்கோ, அது சுகம். ஆனா நகை திரும்பி வராது எண்டு நினைச்சுக்கொண்டு வையுங்கோ. மாதர் சங்கத்தில அம்பதினாயிரம் மட்டும் தருவினம், சந்தா ஒழுங்காக் கட்டியிருக்கவேணும். மாகாணத் திணைக்களத்தில மெசினுக்கு அரைவாசி குடுப்பினம், மற்ற அரைவாசியை நீங்கள் முதலே காட்டவேணும். வங்கியில வட்டி குறைவு, ஆனா ரெண்டு சைன் வேணும். வீடு தேடி வாற காசுக்கு ஒரு பேப்பரும் வேண்டாம். பேந்து ஒவ்வொரு கிழமையும் அவையும் வீடு தேடி வருவினம், அவ்வளவுதான்."

கடைசி வகையைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். பேச்சியம்மா சிக்கியிருப்பது அதில்தான். ஒவ்வொரு செவ்வாயும் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து, வறுத்து விற்ற காசில் பாதியை வாங்கிப்போகிறார். வங்கிக் கடன் கிடைத்தால் அந்தக் கணக்கை முடித்து, கச்சான் கோது உடைக்கிற மெசினும் வாங்கலாம். அவருடைய பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்த காணிக்கு இன்றுவரை அவர் பெயரில் ஒரு பத்திரமும் இல்லை. ஆகையால் காணியை ஈடு வைக்க முடியாது. இரண்டு கையெழுத்துத்தான் வழி. படிவம் கொடுக்கக் கடைசி நாள் திங்கட்கிழமை. தவறினால் அடுத்த வருடம்தான் என்று வங்கியில் சொல்லிவிட்டார்களாம். அதுவரை செவ்வாய்க்கிழமைகள் வந்துகொண்டிருக்கும்.

சும்மா கேட்டவுடன் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல தவராசா. "போய்ப் பாக்காமல் போடமாட்டன்" என்பார். முன்னறிவித்தல் இல்லாமல் ஒரு நாள் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். வரவு செலவு கேட்கமாட்டார், திட்ட அறிக்கை கேட்கமாட்டார். ஒரு மணித்தியாலம் சும்மா இருந்து பார்ப்பார். வந்து ஒரு கொப்பியில் ஏதோ எழுதுவார். அதன்பிறகு பதில் சொல்வார். ஒருமுறை போடமாட்டேன் என்றால், அலுவலகப் பெரியவரே சொன்னாலும் போடமாட்டார்.

ஒரு காலத்தில் அவரிடமும் மோட்டார் சைக்கிள் இருந்தது. திடீரென்று ஒரு நாள் சைக்கிளில் வந்து நின்றார். "என்ன, வண்டியைக் குறைக்கிற யோசனையோ?" என்று அவருடைய வயிற்றைக் காட்டிக் கேட்டேன். "மோட்டச்சைக்கிள் எண்டால் சத்தம் கேட்டு எல்லாத்தையும் அடுக்கி வைச்சிடுவினம் சேர். சைக்கிள்தான் சரி" என்றார். கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமைகளில் தர்மபுரத்தில் எனக்கு மேலதிக வகுப்பு இருக்கிறது. முடிந்ததும் அவர் வீட்டில் ஒரு தேநீர். முன்பெல்லாம் பால் தேநீர் வரும், தட்டில் இரண்டு பிஸ்கட் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் அது வெறும் தேநீராயிற்று. சீனி தனியாக, உள்ளங்கையில் கொட்டிக்கொள்ள. "வீட்டில ஆருக்குச் சீனி வருத்தம்?" என்று அதையும் பகிடி பண்ணினேன். அவருடைய மனைவி சிவனேஸ்வரி திரும்பிக் குசினிக்குள் போய்விட்டார். என் பகிடி அவவுக்கு விளங்கவில்லை என்று எண்ணினேன்.

இவரைப் பற்றிச் சஞ்சிகைக்கு எழுதப்போகிறேன் என்று போன மாதம் சொன்னபோது வெட்கப்பட்டார். "என்னத்தை எழுதப்போறியள்? ரெண்டு வரியில முடிஞ்சிடும்" என்றார். இதுவரை எத்தனை பேருக்குப் பிணை நின்றிருக்கிறீர்கள் என்று கேட்டேன். விரல் மடித்து எண்ணி, இருபத்து நாலு என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்தொன்பது வருட சேவையில் இருபத்து நாலு பேர். ஒன்று கட்டி முடிய அடுத்தது. "பைத்தியமே உங்களுக்கு? நாளைக்கு ஒருத்தன் கட்டாமல் விட்டால் உங்கட சம்பளத்திலயல்லோ வெட்டுவாங்கள்" என்று வகுப்பில் பிள்ளைகளை ஏசுகிற குரலில் ஏசினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஓம் சேர், வெட்டுவாங்கள்தான்" என்றார்.

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். பேச்சியம்மாவின் படிவத்தில் பேனையை மூடியபடி தவராசா சொன்னார்: "வங்கியில விசாரிச்சனான் சேர். என்ர சம்பளத்தில இனி இந்த ஒரு ஆளுக்குத்தான் இடமிருக்காம். இதோட நான் சரி." பிறகு சற்றே தயங்கினார். "மற்றக் கோட்டுக்குத்தான் ஆள் இல்லை. நாலு பேரைக் கேட்டாச்சு. எந்த ஊர்ப் பக்கம் எண்டு கேட்டுப்போட்டு, யோசிச்சுச் சொல்லுறம் எண்டவை."

பேச்சியம்மா நிலத்தைப் பார்த்தார். எந்த ஊர்ப் பக்கம் என்ற கேள்வியை அவர் பிறந்த நாளிலிருந்து கேட்டு வருகிறார். அவர் பிறந்ததே இந்த மண்ணில்தான்.

அந்தத் தயக்கம் என்னைக் கேட்கிறது என்று எனக்கு விளங்காமல் இல்லை. சட்டைப்பைக்குள் இருந்த பதில் தானாக வந்தது. "எனக்கெண்டால் வீட்டுக் கடன் போய்க்கொண்டிருக்கு, தவராசா."

"ஓம் சேர், தெரியும்" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தன் அடையாள அட்டையைப் பிரதி எடுத்துக் கொடுக்கவேண்டுமென்று பேச்சியம்மாவைக் கூட்டிக்கொண்டு சந்திக் கடைக்குப் போனார். படிவம் மேசையில் இருந்தது, அது பறக்காதபடி ஒரு தகரச் சீனிப் பேணி அதன்மேல்.

அவர் வாசல் படலையைத் தாண்டியதும் சிவனேஸ்வரி குசினியிலிருந்து வந்தார். கையில் தேநீர் இல்லை, ஒரு கொப்பி இருந்தது.

"சேர் இவரைப் பற்றி எழுதப்போறியள் எண்டவர். ஓமோ?"

"ஓம்."

"அப்ப இதையும் பாத்து எழுதுங்கோ" என்று அதை என் மடியில் வைத்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

தவராசா போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிற கொப்பி அது. பக்கத்துக்கு ஓர் ஆள். பெயர், தொழில், அதன்கீழ் "பார்த்தது" என்று ஒரு வரி. நான் சிரிக்கத் தொடங்கினேன். உருத்திரபுரம் சுரேகா, தையல்: "பிறத்தியாரின் வெட்டுத் துணியை நிறம் நிறமாகக் கட்டித் திருப்பிக் கொடுக்கிறா. போடலாம்." மயில்வாகனம், கோழி: "தண்ணீர்ச் சட்டி பளிச்சென்று இருக்கிறது. ஆளின் சட்டை ஊத்தை. போடலாம்." ஒரு கடைக்காரர்: "முன்னுக்குச் சாமிப்படம் பெரிது, உள்ளுக்குச் சாமான் இல்லை. வாய்க்கதைதான் கூட. போடமுடியாது." பேச்சியம்மா: "வறுக்கும் மணலை மூன்று தரம் அரிக்கிறா. கருகினதைப் பொதிக்குள் கலக்காமல் எடுத்துவைத்துத் தான் சாப்பிடுகிறா. போடலாம்."

எந்த வங்கி முகாமையாளருக்கும் இந்தக் கண் வாய்க்காது என்று எண்ணிக்கொண்டு பின்னோக்கிப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் வங்கிக் கடிதங்கள் தடிப்பாகச் செருகப்பட்டிருந்தன. அந்தப் பக்கத்தில் இப்படி இருந்தது:

"பளை ஜெயந்தன். சீமெந்துக் கல் அரியும் மெசின். ஆறு இலட்சம். பார்த்தது: சேரின் தம்பி."

அவ்வளவுதான். போடலாம் என்றுகூட எழுதவில்லை.

மறுபடி வாசித்தேன். என் தம்பியின் பெயர் ஜெயந்தன். பளையில் சீமெந்துக் கல் அச்சில் அரிந்து விற்றான். மூன்று வருடத்துக்கு முன் மனைவி பிள்ளையோடு வெளிநாடு போனான். லோன் என்னவாயிற்று என்று அப்போது தொலைபேசியில் கேட்டேன். "அதெல்லாம் கட்டி முடிச்சாச்சண்ணை" என்றான். நானும் விட்டுவிட்டேன். கடிதங்களைப் பிரித்தேன். ஏழு தவணையோடு நின்றிருக்கிறது. பளையில் பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கு வங்கி எழுதி எழுதிக் களைத்து, பிணையாளியிடம் வந்திருக்கிறது. மற்றப் பிணையாளி ஓய்வூதியத்தில் போய்விட்டார். தவராசாவின் சம்பளத்தில் மாதம் பதினையாயிரத்து நானூறு. இருபத்தாறு மாதம் வெட்டியாயிற்று, இன்னும் இருபத்தேழு மாதம் இருக்கிறது.

நான் கணித வாத்தி. கூட்டிப் பார்க்க எனக்குக் கடதாசி தேவையில்லை. அன்று எதையும் கூட்ட முடியவில்லை. பால் தேநீர் நின்ற மாதமும், மோட்டார் சைக்கிள் மறைந்த மாதமும், நான் விட்ட பகிடிகளும் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றன.

"இது எங்கட ஜெயந்தனோ?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய தேவையே இல்லாத கேள்வி.

சிவனேஸ்வரி நிமிர்ந்து பார்த்தார். "அப்ப சேருக்கு உண்மையாவே தெரியாதோ?"

தெரியாது என்று தலையை ஆட்டினேன். அவர் மெல்ல நிலத்தில் குந்தினார். அவருக்கும் அது அதிர்ச்சிதான் என்று கண்டேன்.

"தெரியும் எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சன். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்திருந்து சிரிச்சுக் கதைச்சுத் தேத்தண்ணி குடிக்கேக்க, இந்த மனுசனுக்கு என்ன நெஞ்சு எண்டு குசினிக்குள்ள நிண்டு யோசிப்பன். மோட்டச்சைக்கிளை வித்ததும் உதாலதான். கேக்கப்போறன் எண்டு எத்தினை தரம் வெளிக்கிட்டனான். இவர் விடேல்லை."

"ஏன்?"

"சொன்னால் சேர் வாறதை விட்டுடுவார் எண்டவர்."

என் தம்பி ஏன் இவரிடம் போனான் என்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அவன் முதலில் என்னிடம்தான் வந்தான். வீட்டுக் கடன் போய்க்கொண்டிருக்கு என்று அவனுக்கும் சொல்லியிருக்கிறேன். "உங்கட பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில ஒரு பியோன் சைன் வைக்கிறவராமே" என்று அவன் கேட்டதும், "ஓம், நல்ல மனுசன், என்ர பேரைச் சொல்லு" என்று நான் சொன்னதும் நடந்ததுதான். இந்த நிமிடம்வரை மறந்திருந்தேன்.

படலை கிரீச்சிட்டது. தவராசா தனியாக வந்தார், கையில் பிரதிகள். என் மடியில் கொப்பியைக் கண்டதும் நின்றார். மனைவியைப் பார்த்தார். "உமக்கு என்ன விசரே?" என்றார். குரலில் கோபத்தை விடப் பயம்தான் கூட இருந்தது.

"தவராசா, எனக்குத் தெரியாது" என்றேன். "சத்தியமாத் தெரியாது. அவன் கட்டிப்போட்டன் எண்டு சொன்னவன்."

"எனக்குத் தெரியும் சேர், உங்களுக்குத் தெரியாதெண்டு. இவாவுக்குத்தான் சந்தேகம்." கொப்பியை என் கையிலிருந்து மெல்ல எடுத்து, கடிதங்களைத் தட்டி ஒழுங்காக்கிச் செருகினார். "உது என்ர பிழை. மற்ற இருபத்து மூண்டு பேரையும் போய்ப் பாத்தனான். பளைக்கும் பஸ் இருந்தது. சேரின்ர வீட்டுப் பிள்ளையை வேவு பாக்கிறமாதிரிப் போய் நிக்கிறது மரியாதையில்லை எண்டு நினைச்சிட்டன்."

இப்படி ஒரு மரியாதை எனக்கு இதற்கு முன்னும் கிடைத்ததில்லை, இனிக் கிடைக்கவும் வேண்டாம். முழுவதையும் நான் தருகிறேன் என்று தொடங்கினேன். அடுத்த மாதத்திலிருந்து, இல்லை, இந்த மாதத்திலிருந்தே என்றேன். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அதை ஆறுதலாக் கதைப்பம் சேர். முதல்ல தம்பியோட கதையுங்கோ" என்றார்.

சீனிப் பேணியின்கீழ் படிவம் கிடந்தது. இரண்டாவது கோடு காலியாக இருந்தது.

"வீட்டுக் கடன் முடிஞ்சு மூண்டு வருசமாச்சு, தவராசா" என்றேன். அதை உரத்துச் சொன்னது அதுதான் முதல்முறை.

"ஓம் சேர், தெரியும்."

"எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"கடைசித் தவணை கட்டின அண்டைக்கு நீங்கள்தானே எனக்கு ரோல்ஸ் வாங்கித் தந்தனீங்கள்" என்றார்.

வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ரோல்ஸும் பால் தேநீரும். அதன்பிறகு மூன்று வருடமாக ஒவ்வொருவருக்கும் நான் அந்தப் பொய்யைச் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் நின்று "ஓம் சேர், தெரியும்" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சற்று முன்னும் அதையேதான் சொன்னார்.

சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தேன். பேணியைத் தள்ளி வைத்து, படிவத்தை என் பக்கம் இழுத்து, இரண்டாவது கோட்டுக்குக் குனிந்தேன்.

தவராசா கையை நீட்டி, அந்தக் கோட்டின்மேல் உள்ளங்கையை அகல விரித்து வைத்தார்.

"இல்லை சேர். போய்ப் பாக்காமல் போடக்கூடாது. நீங்கள் போடுறதெண்டால் அந்த மனிசிக்காகப் போடுங்கோ, எனக்காகப் போடாதேங்கோ. இப்பதான் வீட்ட போறா, அடுப்பு மூட்டுற நேரம்."

படிவத்தைக் கொப்பிக்குள் வைத்து, கொப்பியை என் கையில் தந்தார். என் மோட்டார் சைக்கிள் வேலியோரம் நின்றது. அவர் அதைத் தாண்டிப் போய், மாமரத்தில் சாத்தியிருந்த தன் சைக்கிளை எடுத்து என் பக்கம் திருப்பி நிறுத்தினார். பிறகு உடுத்திருந்த சாரத்தின் நுனியைப் பிடித்து, நான் ஏறி இருக்கப் பின் கரியரை ஒரு தூசி இல்லாமல் துடைத்தார்.